இருபத்தொரு பேருக்கு எழுதவும்

விளாங்குடி, மதுரை
3.11.1985

மாப்பிள்ளை தவசி அவர்களுக்கு,

பதினைந்து ஆண்டுகள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இதை உங்கள் மனைவியின் அண்ணனாக எழுதவில்லை. திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன போஸ்டாபீசின் சப் போஸ்ட்மாஸ்டராக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் குறை ஒன்றும் இருக்காது. உங்கள் வீட்டில் எப்போதுமே குறை இருந்ததில்லை.

விஷயம் இதுதான். ஒரு மாதமாக எங்கள் ஆபீசுக்குச் சாமி கார்டுகள் மூட்டையாக வந்து விழுகின்றன. எங்கோ ஒரு மலையடிவாரக் கோயிலில் கல்தூண் வியர்த்ததாம். இந்தக் கார்டு கிடைத்தவர் பதினோரு நாளில் இருபத்தொரு பேருக்கு எழுத வேண்டுமாம். எழுதியவனுக்கு இன்ன நன்மை, எழுதாதவனுக்கு இன்ன கெடுதல் என்று ஒரு பட்டியல். இதுவரை நாற்பத்து மூன்று புகார்கள் வந்திருக்கின்றன. பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருப்பவர் நேரே கவுண்டருக்கே வந்துவிட்டார். "ஏன் சாமி, கடை தெறக்கவும் ரத்தம் கக்கிச் சாவேன்னு ஒரு கார்டக் கொண்டாந்து நீட்டுறீக. இதுக்கா கவர்மெண்டு ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குது?" என்கிறார். என் போஸ்ட்மேன் சின்னான் பையைத் தூக்கவே யோசிக்கிறான். "எழுதலேன்னா படிச்சவனுக்கு மட்டுந்தான் கெடுதியா சார், இல்ல சொமக்கிறவனுக்குமா?" என்று கேட்கிறான்.

ஆள் இல்லை, வாங்க மறுத்தார் என்றால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம். இவற்றில் அனுப்பியவர் விலாசமே கிடையாது. திருப்ப வழியில்லாத தபால்.

அப்படி ஒன்று என் வீட்டுக்கும் வந்தது. நெய்வேலி முத்திரை. கையெழுத்து யாருடையது என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த விரலைப் பிடித்து மணலில் அ, ஆ எழுதவைத்தவன் நான். முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் எனக்கில்லை.

மூலம் நெய்வேலி என்று மேலே எழுதிப்போட எனக்கு அரை நிமிஷம் ஆகாது. உறவுக்காக அல்ல, மரியாதைக்காக முதலில் உங்களிடம் சொல்கிறேன். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

க. நல்லகாமன், எம்.ஏ.,
சப் போஸ்ட்மாஸ்டர்


நெய்வேலி
14.11.1985

மச்சானுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்து வீடே சந்தோஷப்பட்டது. திட்டித்தான் எழுதியிருந்தீர்கள், ஆனாலும் சந்தோஷம்தான். அழகம்மாள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். உங்கள் உடம்பு எப்படி, கை கால் சுகமா, உங்கள் வீட்டில் இருளாயி அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொன்னாள். கை சுகமா என்பதைக் கட்டாயம் எழுதச் சொன்னாள்.

கார்டு விஷயம். இந்த வீட்டிலிருந்து போனது ஒரே ஒரு கார்டு. அதுவும் உங்களுக்குத்தான். நாற்பத்து மூன்று பேருக்கு எழுத அவளுக்கு ஏது பொழுது? மற்றதெல்லாம் யார் கையெழுத்து என்று பெரியவர்கள் நீங்களே பாருங்கள்.

முத்துத்தாய் பி.காம். முடித்துவிட்டாள். வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். தாய்மாமனிடம் சொல்லாமல் பார்க்கக் கூடாது என்று இவள் நிற்கிறாள். அதனால் இதையே சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். வரன் அமைந்தால் மாமன் மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவர நீங்கள் வருவீர்களா, மாட்டீர்களா? இவளுக்கு ராவும் பகலும் அந்த ஒரு கேள்விதான்.

உங்கள் பதிலையும் உடல்நலத்தையும் எதிர்பார்க்கும்,
தவசி


விளாங்குடி
22.11.1985

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டது அது என் ஆபீஸ் கடிதத்துக்கு வந்த பதில் என்பதால். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கைக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது.

தாய்மாமன் என்ற சொல்லை எழுதுவதற்கு முன் நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். 1970, ஆவணி மாதம், உங்கள் குலதெய்வக் கோயில், முத்துத்தாய்க்குக் காதுகுத்து. தாம்பாளமும் பட்டுப்பாவாடையும் தூக்கிக்கொண்டு நான் ஏறிய பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. வெயிலில் நாலு மைல் நடந்து வந்தேன். வந்து பார்த்தால் பிள்ளை உங்கள் ஒன்றுவிட்ட மச்சினன் சோணையின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காது குத்தியாகிவிட்டது! நல்ல நேரம் போகிறதாம். சோணை எழுந்து, "வாங்கண்ணே, மிச்சக் காதுக்கு நீங்க உக்காருங்க" என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாதித் தாய்மாமன் என்று உலகத்தில் எங்கேயாவது உண்டா? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறான். உங்கள் மனைவி, என் உடன்பிறந்தவள், ஒரு வார்த்தை பேசவில்லை. தாம்பாளத்தோடு திரும்பி நடந்தேன்.

இலாகாவிலும் எனக்கு இதே கதைதான். எனக்குக் கீழே வேலை பழகியவன் எனக்கு மேலே உட்கார்ந்து, "என்ன நல்லகாமன், எம்.ஏ. படிச்சும் சப் ஆபீஸ்தானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும். சோணை இருக்கிறான், அவன் மடியும் இருக்கிறது.

ஒரு கார்டுதான் என்கிறீர்கள். நேற்று இங்கே அறுபது வந்தது. குளிர்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

க. நல்லகாமன்


விளாங்குடி
2.12.1985

சப் போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹாலாஸ்யம் நமஸ்காரம். தாங்கள் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் க்ஷேமம் இல்லை; காரணம் தங்கள் ஆபீஸ்.

இந்த வாரத்தில் ஆறாவது கார்டு வந்திருக்கிறது. என் சகதர்மிணி வாலாம்பாள் சமையலை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறாள். "பாதகம் வந்துடும்னா, நீங்க வேணா ஓட்டல்ல சாப்பிட்டுட்டு வாங்கோ" என்று எனக்கே உத்தரவு போடுகிறாள். இருபத்தொன்றை இருபத்தொன்றால் பெருக்கி, அதையும் இருபத்தொன்றால் பெருக்கினால் ஒன்பதாயிரத்து இருநூற்று அறுபத்தொன்று. விளாங்குடியில் அத்தனை ஜனம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கார்டுகளைத் தபால்பெட்டியிலேயே வடிகட்டித் தடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லையா? இல்லையென்றால் யாருக்கு இருக்கிறது?

தங்கள் ஆரோக்கியத்துக்குப் பிரார்த்திக்கும்,
ஹாலாஸ்யம்


நெய்வேலி
20.12.1985

மச்சானுக்கு வணக்கம். இங்கே சுகம். குளிரில் அங்கே எல்லோரும் எப்படி?

காதுகுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. பூசாரி நேரம் போகுது, நேரம் போகுது என்று பறந்தான். பயந்துகொண்டு சோணையை உட்காரச் சொன்னவன் நான். இவள் இல்லை. இவள் அப்போது ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் வருவாக, செத்த பொறுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அது உங்கள் காதில் விழவில்லை. கோபத்தை என்மேல் வையுங்கள். தாங்குவேன்.

உங்கள் வீட்டுக்கு இதுவரை போனது மூன்று கார்டு. இந்த மாதமும் ஒன்று போட்டாள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மச்சான். மூன்றையும் தயவுசெய்து கடைசிவரைக்கும் படியுங்கள்.

அன்புள்ள,
தவசி


விளாங்குடி
26.2.1986

மாப்பிள்ளைக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதாததற்கு ஆபீஸ் வேலை காரணம். அனைவரும் சுகம்.

விசாரணை முடிந்துவிட்டது. புகார்களோடு வந்த கார்டுகளையெல்லாம் மேசையில் பரப்பிக் கையெழுத்து வாரியாகப் பிரித்தேன். முதல் வாரத்துக் கார்டுகள் அத்தனையும் ஒரே கை. அந்தக் கையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது தெரிந்துவிட்டது.

இருளாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் கலங்கவில்லை. "ஆமா, எழுதுனேன். நீங்க ஆபீசுல இருக்கையில கார்டு வந்துச்சு, படிச்சேன். நீங்கதான் ஒன்னையும் நம்ப மாட்டீக, ஒங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பாக்குறது? மூனு கார்டுக்கும் மூனு இருபத்தொன்னு அப்படியே பாத்து எழுதிட்டேன்." நெய்வேலிக்காரர்கள் அனுப்பியது மூன்று. என் வீட்டிலிருந்து, நான் பூட்டித் திறக்கும் அதே பெட்டியில் விழுந்தவை அறுபத்து மூன்று. நாற்பத்து மூன்று புகார்களுக்கும் நானே விளக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மேலிடத்துக்கு, "மூலம் கண்டறிய இயலவில்லை" என்று அறிக்கை அனுப்பிவிட்டேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் எழுதிய முதல் பொய்.

பிறகு நீங்கள் சொன்னபடி மூன்று கார்டுகளையும் படித்தேன். முதலாவதில்: "இதை எழுதிய நெய்வேலிக்காரர் ஒருவரின் மகள் பி.காம். முதல் வகுப்பில் தேறினாள். எழுதாமல் கிழித்துப் போட்ட அவள் தகப்பனாருக்குச் சர்க்கரை வியாதி வந்தது, இப்போது மாத்திரையில் குறைந்திருக்கிறது." எந்தச் சாமி சாபமும் கொடுத்து மாத்திரையும் கொடுக்கும்? இரண்டாவதில் வீட்டு முருங்கைமரம் காற்றில் விழுந்தது, யார்மேலும் விழவில்லை. மூன்றாவதில், "எழுதியவரின் மகளை மேட்டூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் எலெக்ட்ரிசிடி போர்டு. பெரியவர்கள் ஆசீர்வாதம் இன்னும் கிடைக்கவில்லை."

உங்களுக்குச் சர்க்கரை என்பது எனக்குத் தெரியாது. அரிசிச் சோற்றைக் குறையுங்கள்.

ஒன்று புரியவில்லை. சேதி சொல்வதென்றால் கடிதம் எழுதலாமே. எதற்கு இந்த வேஷம்?

நல்லகாமன்


நெய்வேலி
10.3.1986

மச்சானுக்கு வணக்கம். சர்க்கரை 160. சோற்றைக் குறைத்துவிட்டேன். கேழ்வரகு இறங்க மாட்டேன் என்கிறது.

கடிதம் எழுதலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள்தான் கேட்கிறீர்களா என்று திருப்பித் திருப்பிப் படித்தேன்.

இவளுடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு இருக்கிறது. பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று வருஷா வருஷம் உங்களுக்கு எழுதிய இன்லண்டுகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில், உங்கள் கையால், "வாங்க மறுக்கிறேன்", கையெழுத்து, தேதி. ஒவ்வொன்றும் திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் வரும். ஒரு தடவை கேட்டேவிட்டேன்: "வெக்கமில்லையா புள்ள, மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி விடுறாரு, மறுபடியும் எழுதுறியே?" அதற்கு இவள், "அட போங்க. எங்கண்ணன் கைப்பட மூனு வரி எழுதி, தேதியும் போட்டு அனுப்பிச்சிருக்காக. நல்லா இருக்காகன்னு தெரியுதுல்ல, அம்புட்டுப் போதும்" என்றாள். மச்சான், பதினாலு வருஷமாக நீங்கள் தவறாமல் இவளுக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் தெரியாது.

போன வருஷப் பொங்கலுக்குப் போட்டதும் திரும்பி வந்தது. ஆனால் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். "விலாசதாரர் வாங்க மறுத்தார்" என்று, கருப்பு மையில். அன்று இவள் சாப்பிடவில்லை. அண்ணனுக்குக் கை விளங்கவில்லையா, படுக்கையா, என்ன ஆயிற்று? யாரிடம் கேட்பது? சித்திரைக்கு எழுதப் பயம். அதுவும் வேறு கையில் திரும்பி வந்துவிட்டால்? புரட்டாசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு சாமி கார்டு வந்தது. திருப்பிப் பார்த்தாள், அனுப்பியவர் விலாசம் இல்லை. "இதத் திருப்பி அனுப்ப முடியாதுல்ல?" என்று கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் நவம்பரில் நீங்கள் திட்டி எழுதிய கடிதம் வந்தது, உங்கள் கைப்பட, மூன்று பக்கம்.

மேட்டூர் வரன் முடிவாகிவிட்டது. தேதி குறித்ததும் எழுதுகிறோம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தவசி


விளாங்குடி
4.4.1986

சப் போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு ஹாலாஸ்யம் நமஸ்காரம். வெயில் கடுமையாக இருக்கிறது. தாங்கள் மோர் நிறையச் சாப்பிடவும்.

டிசம்பரில் நான் கொடுத்த புகாரை வாபஸ் பெறுகிறேன். காரணம் வேறு. ஆறு வாரமாக ஒரு கார்டும் வரவில்லை. வாலாம்பாள் வாசலிலேயே நிற்கிறாள். "அந்த நெய்வேலிப் பொண்ணுக்கு மேட்டூர் சம்பந்தம் முடிஞ்சுதோ இல்லையோ? பெரியவா ஆசீர்வாதம் பண்ணாளோ? யார் அந்தப் பெரியவா, இப்படியும் ஒரு பிடிவாதமா?" என்று பொழுதுக்கும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். பக்கத்து வீட்டு ஸ்யாமளாவும் அதையேதான் கேட்கிறாளாம். பரவை வெங்காயக் கடைக்காரரும் தராசில் நிறுத்துக்கொண்டே என்னிடம் விசாரித்தார்.

தபால்களை எல்லாம் பார்ப்பவர் தாங்கள். ஏதாவது தகவல் உண்டா? அந்தப் பெரியவர் யாரென்று தெரிந்தாலும் தெரிவிக்கவும். நான் ஒரு கார்டு போட்டு நாலு வார்த்தை கேட்கிறேன்.

ஹாலாஸ்யம்


நெய்வேலி
25.4.1986

என் பிரியமுள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் அழகம்மாள் எழுதிக்கொள்வது. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.

வைகாசி 28, புதன்கிழமை, ஜூன் பதினோராந்தேதி முத்துத்தாய்க்குக் கல்யாணம். இங்கதான், நெய்வேலியில. பத்திரிக்கை அச்சாகல. அச்சாகுறதுக்கு முந்தி ஒங்களுக்குத்தான் மொதல்ல எழுதுறேன். பத்திரிக்கையில தாய்மாமன்னு ஒங்க பேரப் போடச் சொல்லிட்டேன். எம்.ஏ.வும் போடச் சொல்லிட்டேன்.

சோணை அண்ணன் வந்து கேட்டாக, மாமன் மாலைய நான் எடுத்தாரட்டுமா தங்கச்சின்னு. செத்த பொறுங்கன்னுட்டேன். அன்னைக்கி ஆசாரி கையப் புடிச்சும் என்னால நிப்பாட்ட முடியல. இந்தத் தடவ நிப்பாட்டுவேன் அண்ணே. நீங்க வார வரைக்கும் பொண்ண மணவறைக்கு அனுப்ப மாட்டேன், நேரம் போனாலும் போகட்டும். இத ஒங்க மாப்பிள்ளை படிச்சிட்டு, "அடியே, தாலி கட்டுற நேரத்தத் தள்ளிவிட்டுறாதடி"ன்னு கையெடுத்துக் கும்புடுறாக.

இதுக்குப் பின்னால எங்க விலாசம் தெளிவா எழுதியிருக்கேன். திருப்பி அனுப்புறதுன்னா அனுப்புங்க. கையெழுத்து மட்டும் நீங்களே போடுங்க.

ஒங்க ஒடம்பும் மதினி முழங்காலும் பத்திரம்.

அழகம்மாள்


விளாங்குடி
14.5.1986

அழகம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். நாங்கள் இருவரும் சுகம். இருளாயியின் முழங்கால் தைலத்துக்குக் கேட்கிறது, மாடிப்படிக்குக் கேட்கவில்லை.

போன வருஷப் பொங்கலுக்கு முந்தின வாரம் ஆபீஸ் வாசலில் வழுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டிருந்தேன். உன் கடிதத்தைச் சின்னான் கொண்டுவந்து நின்றான். "நீயே எழுதிவிடு" என்று சொன்னேன். அவன் கேட்டான்: "சார், கைதான் முறிஞ்சிருக்கு, வாங்கிக்கிறதுக்கு என்ன?" அவனை அதட்டி அனுப்பினேன். பிறகு கை சரியாகிவிட்டது. இப்போது நன்றாக எழுத வருகிறது, நீயே பார்க்கிறாய்.

நான் யாரையும் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். தவசி பூசாரிக்குப் பயந்தது தப்பு. கோயிலில் சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தால் அடையாளம் காட்டுவேன். சோணையையும் வரச்சொல். அவன் எனக்குப் பின்னால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். போட்டோ பிடிக்கிறவன் அதை ஒரு படம் தனியாகப் பிடிக்க வேண்டும்.

பஸ்ஸை நம்பித் தாலி கட்டும் நேரத்தை வைக்காதே. ஜூன் ஏழாம் தேதியே நாங்கள் வந்துவிடுவோம். நாலு நாள் முன்னால். நாலு டயரும் வெடித்தாலும் நடந்து வந்து சேர்ந்துவிடலாம். ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். எனக்கு மேலே இருப்பவன், "எதற்கு இவ்வளவு நாள்?" என்று கேட்டான். "தாய்மாமன்" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டான். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் சொல்லி எடுபட்ட ஒரே வார்த்தை.

முத்துத்தாய்க்குப் புடவை இருளாயி எடுத்திருக்கிறாள். அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை. ஆரப்பாளையத்தில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே போய் எடுத்தாள். பையனுக்கு வேட்டி நான் எடுத்தேன். மேட்டூர் வெயிலுக்குக் கனமில்லாததாக.

இங்கே ஒரு கணக்கு வாத்தியார் வீட்டிலும் பரவை மார்க்கெட்டிலும் உன் மகள் கல்யாணம் முடிவானதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிவாகிவிட்டது, பெரியவர் சம்மதித்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் வீட்டு அம்மாள், "நல்ல வேளை, ஒரு வழியா அவருக்குப் புத்தி வந்துதே" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. தவசியின் மாத்திரையை மறக்காமல் கொடு. நீ நன்றாகச் சாப்பிடு.

கீழே பெயர் போட மூன்று தடவை பேனா மூடியைத் திறந்துவிட்டேன். எம்.ஏ.வும் பதவியும் போட்டால் உனக்கு நான் நோட்டீஸ் அனுப்பியதுபோல் இருக்கிறது. உன் அண்ணன் என்று போடலாம்; போட்டுப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டதால் கூச்சமாக இருக்கிறது, நேரில் வந்து நீ ஒரு தடவை கூப்பிட்ட பிறகு வேண்டுமானால் போட்டுக்கொள்கிறேன். சின்னான் ஐந்து மணிப் பையின் வாயைக் கட்டக் கயிற்றோடு நிற்கிறான். பெயர் போடாமலே இதைப் பையில் போடுகிறேன்.